பழைய பிக்கப்புக்கு மாற்று டீசல் டேங்க்: வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பழைய பிக்கப்புக்கு டேங்க் வாங்கக் கடைக்குப் போனால் முதலில் கேட்கப்படுவது "எத்தனை லிட்டர் அண்ணே?" என்பதுதான். நாமும் லிட்டரைச் சொல்லி, விலை பேசி, டேங்க்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். வண்டிக்கு அடியில் வைத்துப் பார்க்கும்போதுதான் எஞ்சினிலிருந்து டீசல் திரும்பும் ரிட்டர்ன் பைப்புக்கு இடமில்லை, டீசல் முள்ளை ஆட்டும் யூனிட் உட்காரவில்லை, டீசல் ஊற்றும் வாய்க்குழாய் எதிர்ப்பக்கம் இருக்கிறது என்பதெல்லாம் தெரியவரும். அப்புறம் பட்டறையில் வெட்டி ஒட்டி ஒருவழியாக மாட்டிவிடுவார்கள். ஆறு மாதத்தில் அதே ஒட்டில் டீசல் கசியும்.

லிட்டர் கணக்கு கடைசியில் பார்க்க வேண்டியது. டேங்க்கில் எத்தனை துளைகள், எந்தெந்த இடத்தில், உள்ளே குழாய்கள் எப்படி நிற்கின்றன, எந்தத் தகட்டில் செய்தது, வண்டியில் எதன்மேல் உட்காருகிறது ஆகியவைதான் முதலில் வர வேண்டும். மஹிந்திரா பிக்கப், டாடா 207 போன்ற பழைய டீசல் சரக்கு வண்டிகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பெட்ரோல் வண்டிக்கு மாறும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன். சொந்தமாக முதல் வண்டி வாங்கியவர்களும், அப்பாவின் வண்டி கைக்கு வந்தவர்களும் பட்டறையில் சரியான கேள்விகளைக் கேட்க இது உதவ வேண்டும்.

கெட்டது டேங்க்தானா?

மாற்றுவதற்கு முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். டேங்க் மேல் பழி விழும் பல கோளாறுகளுக்கும் டேங்க்குக்கும் சம்பந்தமே இருக்காது.

வண்டி அரை மணி நேரம் நன்றாக ஓடுகிறது, பிறகு இழுவை குறைந்து திணறுகிறது, கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் சரியாகிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். திணறும்போதே ஓரமாக நிறுத்தி டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, அதன்பின் வண்டி சரியாக ஓடினால், அடைத்திருப்பது காற்றுக் குழாய் அல்லது மூடியில் இருக்கும் சிறு துளை. டீசல் வெளியே போகப் போக அந்த இடத்தை நிரப்பக் காற்று வர வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி டீசல் வருவது நிற்கும். நாளடைவில் மெல்லிய தகட்டு டேங்க் உள்பக்கமாக ஒடுங்கிக்கூடப் போகும். மூடியை மாற்றினால் முடிகிற வேலைக்கு யாரும் டேங்க் வாங்க வேண்டாம்.

கசிவும் அப்படித்தான். டேங்க் நிரப்பிய அன்று மட்டும் ஒழுகி, பாதிக்குக் கீழே இறங்கியதும் நின்றுவிட்டால், கோளாறு மேல்பக்கத்தில்: யூனிட்டைக் கசியாமல் அடைக்கும் பேக்கிங், வாய்க்குழாயின் ரப்பர் ஹோஸ், கிளிப். பாதிக்குக் கீழேயும் ஒழுகினால் தகட்டைச் சந்தேகிக்கலாம். இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. டேங்க்கின் வெளிப்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, சாக்குக்கட்டியைப் பொடித்துத் தூவுங்கள். முகத்துக்குப் போடும் பவுடரும் போதும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் டீசல் ஊறும் இடத்தில் மட்டும் பொடி நிறம் மாறி ஈரமாக நிற்கும். மேலிருந்து வழிந்து வந்ததா, அங்கேயே ஊறியதா என்பதும் அந்தத் தடத்தில் தெரிந்துவிடும்.

ஏன் கெட்டது என்று தெரியாமல் புதியதை மாட்டாதீர்கள்

பழைய டேங்க்கை இறக்கியதும் உடனே காயலான் கடைக்குக் கொடுத்துவிடக் கூடாது. அது சொல்லும் செய்திதான் அடுத்த டேங்க்கை எத்தனை வருடம் காப்பாற்றும் என்பதைத் தீர்மானிக்கும்.

முதலில் பட்டை உட்கார்ந்த இடத்தைப் பாருங்கள். டேங்க்கைத் தாங்கும் இரும்புப் பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவில் ரப்பர் இருந்திருக்க வேண்டும். பல வண்டிகளில் அந்த ரப்பர் போய், பதிலுக்குச் சாக்குத் துணியோ பழைய சீட் ஃபெல்ட்டோ சொருகியிருப்பார்கள். அது மழைத் தண்ணீரைக் குடித்துவிட்டு வாரக்கணக்கில் ஈரத்தை வைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் பெயின்ட் முதலில் குமிழ் விடும். குமிழை ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால் செதில் செதிலாகத் துரு உதிரும். அதற்கு அடியில் காகிதம்போல் மெலிந்த தகடு இருக்கும். டேங்க்கின் மற்ற பாகம் முழுக்கப் பளபளவென்று இருக்கும், பட்டை அகலத்துக்கு ஒரு கோடு மட்டும் அரித்திருக்கும். இந்தக் கோட்டைப் பார்த்தால் தவறு டேங்க்கில் இல்லை, மாட்டிய விதத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அதே சாக்குத் துணியோடு புது டேங்க்கை மாட்டினால் அதுவும் அதே கோட்டில்தான் போகும்.

உள்ளேயிருந்து அரித்திருந்தால் காரணம் தண்ணீர். டீசலைவிடத் தண்ணீர் கனமானது, அடியில் போய்த் தங்கிவிடும். பாதி காலியான டேங்க்கில் இரவுக் குளிருக்குக் காற்றிலுள்ள ஈரம் படிந்து சொட்டுச் சொட்டாகச் சேரும். மூடியின் பேக்கிங் போயிருந்தால் மழைத் தண்ணீரும் இறங்கும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் அந்தப் படலத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். ஃபில்டரைக் கழற்றும்போது கறுப்பாக, வழுவழுப்பாக, கஞ்சி ஆடைபோல் ஏதாவது வந்தால் அது வெறும் அழுக்கு கிடையாது. அந்த உயிரிகள் கக்கும் அமிலமும் தகட்டை அரிக்கும். இப்படிப்பட்ட வண்டியில் டேங்க் மாற்றினால் போதாது. குழாய்கள், ஃபில்டர், தண்ணீர் பிரிப்பான் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் பழைய குழாயில் ஒட்டியிருப்பது புது டேங்க்குக்குக் குடிவந்துவிடும்.

மூன்றாவது, வெடிப்பு. வெல்டிங் ஓரத்திலோ, டீசல் அலைமோதாமல் உள்ளே வைக்கும் உள்தடுப்புத் தகடு ஒட்டிய இடத்திலோ தலைமுடிபோல் கீறல் இருந்தால், டேங்க் ஆடியிருக்கிறது என்று பொருள். பட்டை தளர்ந்திருக்கும், அல்லது தாங்கி வளைந்திருக்கும். அதையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும்.

பழைய டேங்க்கை அடைத்து ஓட்டலாமா?

ஊசித்துளை அளவு ஓட்டைக்கு எம்-சீல் போன்ற பசை வைத்து வீடு வந்து சேரலாம். அதற்கு மேல் அதை நம்பக் கூடாது. ஓட்டை ஒன்று தெரிகிறது என்றால் அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் தகடு மெலிந்திருக்கும்.

வெல்டிங் பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன். "டீசல்தானே, பெட்ரோல் இல்லையே, பற்றாது" என்று சொல்லிப் பழைய டேங்க்கில் வெல்டிங் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தியாவில் விற்கும் வாகன டீசலுக்கு ஆவி தீப்பற்றும் வெப்பநிலை குறைந்தது 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பதே தர அளவு. வேலூரிலும் திருச்சியிலும் மே மாத வெயிலே அதைத் தாண்டும். வெல்டிங் சூடு பட்ட தகட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெட்ரோல் ஆவியோ காற்றில் ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதம் கலந்திருந்தாலே வெடிக்கும். காலி டேங்க்தான் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்து, ஏனென்றால் அதில் ஆவியும் காற்றும் சேர்ந்து இருக்கின்றன. ஒருமுறை தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதாது. மடிப்புகளில் தங்கிய எண்ணெய் சூட்டில் மீண்டும் ஆவியாகும். இதற்கென்றே நீராவியில் கழுவி, முறைப்படி வேலை செய்யும் இடங்கள் உண்டு. அப்படி ஓர் இடம் கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால் டேங்க்கை மாற்றுங்கள். சில நூறு ரூபாய் மிச்சத்துக்காக வெல்டரின் உயிரைப் பணயம் வைக்க நமக்கு உரிமை கிடையாது.

அளவு எடுப்பது

சரி, மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. கடைக்குப் போகும் முன் ஒரு நோட்டும் டேப்பும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போங்கள். பழைய டேங்க் இருக்கும் நிலையிலேயே நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கிய பிறகு எந்தக் குழாய் எங்கே இருந்தது என்பது மறந்துவிடும்.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் எடுத்துப் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் லிட்டர். 70, 35, 30 என்று ஒரு பெட்டி டேங்க் இருந்தால் 73.5 லிட்டர். ஆனால் அதில் அவ்வளவு ஊற்றக் கூடாது. வெயிலில் டீசல் விரியும், அதற்கு ஐந்து முதல் பத்து சதவீதம் இடம் விட வேண்டும். ஆக அது 67 லிட்டர் டேங்க் என்றே கணக்கில் வரும். டீசல் லிட்டருக்குச் சுமார் 0.83 கிலோ, 67 லிட்டருக்கு 56 கிலோ. பெரிய டேங்க் வேண்டும் என்று ஆசைப்படும்போது இந்த எடையையும் நினைத்துக்கொள்ளுங்கள். 100 லிட்டர் போட்டால் 83 கிலோ, அதுவும் சேஸியின் (வண்டியின் அடிச்சட்டம்) ஒரே பக்கத்தில் தொங்கும்.

டேங்க்கைச் சுற்றி இருக்கும் இடத்தையும் அளக்க வேண்டும். சைலன்சர் குழாயிலிருந்து ஒரு சாண் இடைவெளியாவது இருக்கட்டும். முடியாவிட்டால் நடுவில் தகட்டுத் தடுப்பு வேண்டும். சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகும் புரப்பெல்லர் ஷாஃப்ட் சுற்றும் வழியிலும், இலை ஸ்பிரிங் அமுங்கி வரும் வழியிலும் டேங்க் குறுக்கிடக் கூடாது. இதைக் காலி வண்டியில் பார்த்தால் ஏமாந்துபோவோம். முழுப் பாரம் ஏற்றி நிற்கும்போது குனிந்து பாருங்கள். தரைக்கும் டேங்க்கின் அடிக்கும் உள்ள இடைவெளி பழைய டேங்க்குக்கு இருந்ததைவிடக் குறையக் கூடாது. தோட்டத்துப் பாதையில் போகிற வண்டிக்குக் கல் அடிபடுவது தினப்படி நடப்பது.

டேங்க்கை அதன் துளைகளைப் பார்த்து வாங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். டேங்க் பார்க்க ஒரு பெட்டிதான். ஆனால் அதற்குள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டிய ஐந்து வேலைகள் நடக்கின்றன.

டீசல் உறிஞ்சும் குழாய்: இது டேங்க்கின் அடியைத் தொடக் கூடாது. தொட்டால் அடியில் தங்கிய தண்ணீரையும் சேற்றையும் அப்படியே இழுக்கும். அடியிலிருந்து 2 செ.மீ. அளவுக்கு மேலே நிற்பது நல்லது. அதிகம் மேலே போனால் முள் கால் டேங்க் காட்டும்போதே ஏற்றத்தில் காற்று எடுக்கும். வேறு வண்டி டேங்க்கை மாற்றி மாட்டுபவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். டேங்க்கின் உயரம் பழையதைவிடக் கூடவோ குறையவோ இருந்தால், பழைய யூனிட்டோடு வரும் குழாயின் நீளம் பொருந்தாது.

ரிட்டர்ன் குழாய்: டீசல் எஞ்சினுக்குப் போகிற எண்ணெயில் ஒரு பங்கு திரும்பி டேங்க்குக்கே வரும். காமன் ரெயில் எஞ்சினில், அதாவது எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் எஞ்சினில், அந்த ரெயிலுக்குள் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும், திரும்பி வரும் டீசல் கொதிக்கக் கொதிக்க வரும். அந்தச் சூடான, நுரைத்த டீசல் உறிஞ்சும் குழாயின் வாய் அருகிலேயே விழுந்தால் காற்றோடு மறுபடி எஞ்சினுக்குப் போகும். இரண்டு வாய்க்கும் நடுவில் ஒரு தடுப்போ, நல்ல இடைவெளியோ வேண்டும். ரிட்டர்ன் குழாயின் உட்துளை பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. பெட்ரோல் கார்புரேட்டர் வண்டிக்குச் செய்த டேங்க் பலவற்றில் ரிட்டர்ன் துளையே இருக்காது, அதை டீசல் வண்டிக்கு வாங்கிவிடாதீர்கள்.

காற்றுக் குழாய்: மேலே சொன்ன திணறல் எல்லாம் இதனால் வருவது. குழாய் டேங்க்கின் மிக உயர்ந்த இடத்திலிருந்து புறப்பட்டு, மேலே ஏறி, வளைந்து கீழ்நோக்கி முடிய வேண்டும். பெட்ரோல் வண்டியில் வண்டி கவிழ்ந்தால் மூடிக்கொள்ளும் வால்வும், ஆவியைப் பிடிக்கும் கரி டப்பாவும் இருக்கலாம். இருந்தால் புது டேங்க்கிலும் அதற்கு இணைப்பு வேண்டும், கட்டி மூடிவிடக் கூடாது.

வாய்க்குழாய்: எந்தப் பக்கம் பார்க்கிறது, பாடியின் துளைக்கு நேராக வருகிறதா என்று பாருங்கள். அதோடு ஒட்டிப் போகும் சிறு குழாய் ஒன்று இருக்கும். டீசல் உள்ளே இறங்கும்போது காற்று வெளியே வரும் வழி அது. அந்தச் சிறு குழாய் இல்லாத டேங்க்கில் பங்க்காரர் பிடித்ததும் டீசல் திரும்பித் தெறிக்கும், பங்க்கின் டீசல் துப்பாக்கி மூன்று லிட்டருக்கு ஒருமுறை தானாக நிற்கும்.

யூனிட்: டீசல் முள்ளை ஆட்டுவது இதுதான். வட்ட மூடியில் ஐந்து ஸ்க்ரூ இருக்கும் வகையில், பெரும்பாலும் துளைகள் சம இடைவெளியில் இராது, ஒரே கோணத்தில்தான் உட்காரும். பழைய மூடியைக் காகிதத்தில் வைத்துப் பேனாவால் கோடு போட்டுக் கடைக்கு எடுத்துப் போங்கள். அப்புறம் ஒரு மல்டிமீட்டரை வைத்து, மிதவை அடியில் இருக்கும்போதும் மேலே இருக்கும்போதும் மின்தடையைக் குறித்துக்கொள்ளுங்கள். வி.டி.ஓ. கம்பெனி யூனிட் வகையில் காலிக்கு 10 ஓம், நிறைந்ததற்கு 180 ஓம் என்பது வழக்கம். சில ஜப்பானிய வண்டிகளில் இது தலைகீழ்: காலியில் அதிகம், நிறைந்தால் மிகக் குறைவு. மாறி வாங்கினால் முள் நிறைந்த டேங்க்கைக் காலி என்று காட்டும். பழைய யூனிட் நன்றாக இருந்தால் அதையே மாட்டுவது நல்லது, பேக்கிங் மட்டும் புதிது.

இவற்றோடு உள்தடுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 50 கிலோ டீசல் ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னும் பின்னும் மோதும். தடுப்பில்லாத டேங்க் வெல்டிங் ஓரத்தில் விட்டுப்போகும். காலி டேங்க்கைக் கையில் தூக்கி ஆட்டிப் பாருங்கள். 'கடகட' என்றால் தடுப்பு கழன்றிருக்கிறது. அடியில் வடிப்பதற்கு ஒரு போல்ட் இருந்தால் அந்த டேங்க்குக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு டம்ளர் வடித்துவிட்டாலே தண்ணீர்ப் பிரச்சினை பாதி தீர்ந்தது.

எந்தத் தகடு?

டீசலுக்கு ஜி.ஐ. தகடு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு, வேண்டாம். துருப்பிடிக்காது என்று சொல்லி விற்பார்கள், வெளியில் பிடிக்காதுதான். ஆனால் உள்ளே பூசிய துத்தநாகம் டீசலில் உள்ள அமிலங்களோடு சேர்ந்து சோப்புபோல் ஒரு படிவை உண்டாக்கும். அது ஃபில்டரை அடைத்து, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலில் போய்ப் படியும். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகள் கொஞ்சம் தாங்கின, காமன் ரெயில் தாங்காது. செம்புக் குழாயையும் டேங்க்குக்குள் வைக்கக் கூடாது. செம்பு டீசலைச் சீக்கிரம் கெடுக்கும்.

சாதாரண சி.ஆர். தகடு (சூடாக்காமல் உருட்டிய இரும்புத் தகடு), உள்ளே பூச்சில்லாமல் எண்ணெய் தடவியது, வெளியே நல்ல ப்ரைமரும் பெயின்ட்டும்: பழைய பிக்கப்புக்கு என் தேர்வு இதுதான். பட்டறையில் செய்வதானால் 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. சொல்லுங்கள். 18 கேஜ் 1.2 மி.மீ. வரும். அது மெஷினில் அழுத்தி வளைவுகளோடு செய்த கம்பெனி டேங்க்குக்குப் போதும், தட்டையாக மடித்த பட்டறை டேங்க்குக்குப் போதாது.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) டேங்க் அழகாக இருக்கும், விலையும் அதிகம். வெல்டிங் சரியான ஆளிடம் போகாவிட்டால் அதிர்வில் ஒட்டின் பக்கத்திலேயே வெடிக்கும். அலுமினியம் எடை குறைவு, ஆனால் இரும்புப் பட்டை நேராகத் தொட்டால் அந்த இடத்தில் அரிக்கும். நடுவில் ரப்பர் கட்டாயம். பிளாஸ்டிக் டேங்க் துருவே பிடிக்காது. உங்கள் வண்டிக்குக் கம்பெனியே அச்சில் வார்த்துக் கொடுத்திருந்தால் யோசிக்காமல் அதையே வாங்குங்கள். வேறு வண்டியின் பிளாஸ்டிக் டேங்க்கைப் பொருத்தப் பார்க்காதீர்கள், அதன் வடிவமே அந்த வண்டியின் சேஸிக்காகச் செய்தது.

பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், பழைய காலத்து உள்பூச்சுகளையும் ரப்பர் ஹோஸ்களையும் கரைக்கும். உள்ளே ஏதோ கோட்டிங் அடித்துச் சரிசெய்த பழைய டேங்க்கை வாங்க வேண்டாம். ஹோஸ்களையும் புதிதாகப் போடுங்கள்.

எங்கே வாங்குவது

முதலில் கம்பெனி டீலரின் பாகங்கள் பிரிவில் கேளுங்கள். 'பழைய மாடல், கிடைக்காது' என்று நாமே முடிவுகட்டிவிடக் கூடாது. 17 எழுத்துள்ள சேஸி எண்ணைக் கொடுத்தால் சரியான பாக எண் வரும். டேங்க் அவர்களிடம் இல்லாவிட்டாலும் அந்த எண் கையில் இருந்தால் வேறு ஊரில் தேடலாம். ஒரே பெயரில் விற்ற வண்டி பி.எஸ்.3, பி.எஸ்.4 என்று புகை விதி மாறும்போது எஞ்சினும் குழாய் இணைப்பும் மாறியிருக்கலாம். இந்தியா முழுக்க பி.எஸ்.4 வந்தது 2017 ஏப்ரலில், பி.எஸ்.6 2020 ஏப்ரலில். அந்த வருடங்களை ஒட்டிய வண்டிக்குக் கூடுதல் கவனம் தேவை.

அடுத்தது, பழைய சாமான் சந்தை. சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம் என்று எல்லாருக்கும் தெரிந்த இடங்கள். நல்ல டேங்க் கிடைக்கும், பொறுமை வேண்டும். ஒரு சிறு காந்தத்தை எடுத்துப் போங்கள். துணியில் சுற்றி டேங்க்கின் அடிப்பக்கம் முழுக்க ஓட்டிப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் புட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். புதிதாகப் பளபளக்கும் கறுப்புப் பெயின்ட் அடித்த பழைய டேங்க்கைச் சந்தேகத்தோடு பாருங்கள். துருவோடு இருக்கும் டேங்க்கில் எது துரு என்றாவது தெரிகிறது. பட்டை உட்கார்ந்த கோடு, அடி மடிப்பு, வாய்க்குழாய் சேரும் இடம் மூன்றையும் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் மெலிந்த இடத்தில் சத்தம் மாறும். உள்ளே பார்க்க டார்ச்சை வெளியே பிடித்தே பாருங்கள், பெட்ரோல் டேங்க்குக்குள் போனையோ விளக்கையோ விடக் கூடாது.

மூன்றாவது வழி, புதிதாகச் செய்வது. நாமக்கல், சங்ககிரி, கரூர் பக்கம் லாரி, பஸ் பாடி வேலை தெரிந்த கைகள் நிறைய. அங்கே தகட்டு வேலைக்காரர்களிடம் பழைய டேங்க்கையே மாதிரியாகக் கொடுங்கள். வாய் வார்த்தையாக அளவு சொல்ல வேண்டாம். தகட்டின் வகை, கேஜ், உள்தடுப்பு எத்தனை, வடிக்கும் போல்ட், ஒவ்வொரு குழாயின் அளவு எல்லாவற்றையும் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். தடுப்பின் கீழ்மூலைகளில் டீசல் போகவும் மேலே காற்று போகவும் இடைவெளி வெட்டச் சொல்லுங்கள்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. அதே இடத்தில், அதே அளவில், அதே எரிபொருளுக்கு மாற்றுவது பழுது பார்ப்பதுதான். இரண்டாவது டேங்க் கூடுதலாக மாட்டுவது, எரிபொருளை மாற்றுவது போன்றவை வண்டியின் அமைப்பை மாற்றும் வேலை, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடாவருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு. கசியும் டேங்க்கோடு அங்கே போய் நிற்க முடியாது.

மாட்டும் முன் ஒரு சோதனை

கம்ப்ரசர் காற்றை நேராக டேங்க்கில் விடவே கூடாது. 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. உயரம் உள்ள ஒரு பக்கத் தகட்டின் பரப்பு 2,400 சதுர செ.மீ. டயருக்குப் பிடிக்கும் 30 பவுண்டு காற்று அதன்மேல் ஐந்து டன் விசையாக இறங்கும். டேங்க் வீங்கும், கிழியும், பக்கத்தில் நிற்பவர்மேல் பாயும்.

பாதுகாப்பான வழி இது. இரண்டரை மீட்டர் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டியூப் வாங்கி 'U' வடிவில் சுவரில் கட்டிப் பாதி வரை தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை டேங்க்கின் ஏதாவது ஒரு குழாயில் மாட்டி, மறுமுனையைத் திறந்து விடுங்கள். இன்னொரு குழாயில் சைக்கிள் பம்பை மாட்டி, மற்ற துளைகளை அடைத்துவிட்டு, மெல்ல அடியுங்கள். இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் 1 மீட்டர் வித்தியாசம் வந்தால் உள்ளே 0.1 பார் அழுத்தம். அளவு மீறினால் தண்ணீர் வெளியே கொட்டிவிடும், டேங்க்குக்கு ஒன்றும் ஆகாது. இப்போது வெல்டிங் ஓரமெல்லாம் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழ் வராமல், கால் மணி நேரம் தண்ணீர் மட்டமும் இறங்காமல் நின்றால் டேங்க் நல்லது. பட்டறையில் செய்த டேங்க்கை பெயின்ட் அடிப்பதற்கு முன்பே இப்படிச் சோதிக்கச் சொல்லுங்கள். பெயின்ட் சின்ன ஓட்டையைக் கொஞ்ச நாளைக்கு மறைத்துவிடும்.

அதன்பின் உள்ளே ஒரு லிட்டர் சுத்தமான டீசல் ஊற்றி, நாலு பக்கமும் சாய்த்துக் குலுக்கி, வெள்ளைத் துணி வழியாக வடியுங்கள். வெல்டிங் பொறியும் அரத்தூளும் துணியில் தங்கும். துணியில் ஒன்றும் விழாத வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நாசிலின் துளைகளுக்கு அந்தத் தூள் எமன்.

மாட்டுவது

தாங்கிக்கும் பட்டைக்கும் புது ரப்பர், சைக்கிள் டியூபைவிடக் கனமானதாக. துணி, ஃபெல்ட், சாக்கு எதுவும் கூடாது. பட்டையை முதலில் பாதி இறுக்கி, டேங்க் நேராக உட்கார்ந்ததைப் பார்த்தபின் முழுதாக இறுக்குங்கள். தகடு ஒடுங்கும் அளவுக்கு இறுக்க வேண்டாம்.

யூனிட் மூடிக்கு எர்த் ஒயர் தனியாகப் போடுங்கள். புது டேங்க் முழுக்கப் பெயின்ட், சுற்றிலும் ரப்பர் என்று இருப்பதால் யூனிட்டுக்கு எர்த் கிடைக்காது. டேங்க் மாற்றியபின் முள் ஆடவே இல்லை என்று வரும் புகார்களில் இதுதான் முதலில் பார்க்க வேண்டிய இடம். மூடியின் ஒரு ஸ்க்ரூவிலிருந்து சேஸிக்கு ஒரு ஒயர், சேஸியில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு.

குழாய்களை மாட்டும்போது போகிறதையும் வருகிறதையும் மாற்றிவிடாதீர்கள், போட்டோ எடுத்து வைத்தது இதற்குத்தான். ஃபில்டரைப் புதிதாகப் போட்டு, கை பம்பை அது இறுகும்வரை அடித்துக் காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

முதல் நாள் நிறைய ஊற்ற வேண்டாம். பத்து லிட்டரோடு ஓர் இரவு நிற்கட்டும், காலையில் அடியில் அட்டை விரித்துப் பாருங்கள். அப்புறம் பங்க்குக்குப் போய், ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றச் சொல்லி ஒவ்வொரு முறையும் முள் எங்கே நிற்கிறது என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சாவியைப் போட்டு முள் நிலையாக நிற்கும்வரை கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலை சன் வைசருக்குப் பின்னால் ஒட்டி வைத்தால் ஓட்டுநர் மாறினாலும் பயன்படும். கடைசியாக டேங்க்கை நிரப்பிவிட்டு, யூனிட் பேக்கிங்கும் வாய்க்குழாய் கிளிப்பும் ஈரமாகிறதா என்று பாருங்கள்.

500 கிலோமீட்டர் ஓடியதும் ஃபில்டரை ஒருமுறை மாற்றிவிட்டு, பட்டை போல்ட்டுகளைத் திரும்ப இறுக்குங்கள். புது ரப்பர் அமுங்கி அவை கொஞ்சம் தளர்ந்திருக்கும். அதுவரை பழைய டேங்க்கைத் தூக்கிப் போட வேண்டாம். ஏதாவது ஒரு கிளாம்ப்போ மூடியோ அளவுக்குத் தேவைப்படலாம்.